பிரிவு பதினேழு

கல்லறைகளைத் தாண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
பேருந்து அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.
மீதியை நடந்தேன், கோப்பைத் தலைக்குப் பிடித்தபடி,
மழைக்கு அல்ல, வெயிலுக்கு.

கோப்பில் இருந்தது இதுதான்:
நிலம் அரசுடையது. விளைச்சல் உங்களுடையது.
ஹெக்டேருக்கு இத்தனை டன் கீரை காட்டினால்
வாடகையில் பாதி தள்ளுபடி.
ஐந்தாண்டு தவறாமல் காட்டினால்
குத்தகை இன்னும் இருபது ஆண்டு நீளும்.
காட்டாவிட்டால், பிரிவு பதினேழு.

திரு. இயோ கிம் சுவான் பிரிவு பதினேழைத்தான்
முதலில் படிக்கச் சொன்னார்.
மாண்டரினில் கொஞ்சம், மலாயில் கொஞ்சம்.
மிச்சத்தை அடைக்கலம் தமிழில் சொன்னார்,
பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை செய்கிறவர்.
முதலாளியின் தியோச்சியூ வசவுகளை
எனக்காகப் பாதிதான் மொழிபெயர்த்தார்.

தராசு சரியாக இருந்தது.
காய்லான் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ,
சாய் சிம் அதைவிடக் கொஞ்சம் கூட.
ரசீதுகள் மைலோ டின்னில், தேதிவாரியாக.
நத்தை தின்றதற்கு ரசீது உண்டா என்று கேட்டார் இயோ.
இல்லை என்றேன்.
தெங்கா பக்கம் ஒரு போர் விமானம் எழுந்தது.
அது போகும்வரை மூவரும் வாய் திறக்கவில்லை,
லிம் சூ காங்கில் அதுதான் மரியாதை.

பிறகு தென்கிழக்கு மூலை.
கால் ஏக்கர். தண்ணீர் நின்று, ஓரத்தில் கோரை முளைத்து,
ஒரு கொக்கு, யாருடைய அனுமதியும் இல்லாமல்.
என் படிவத்தில் ஒரு கட்டம்:
நிலம் பயன்பாட்டில் உள்ளது / இல்லை.

"ஓய்வுல இருக்கு மேடம். வேரெல்லாம் முடிச்சு விழுந்துருச்சு.
தண்ணி கட்டிப் போட்டாத்தான் புழு சாகும்."

ஓய்வு என்று ஒரு கட்டம் இல்லை.

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு தேதி உண்டு.
கார் வைத்திருந்தால் அதற்குப் பத்து ஆண்டு,
வழியில் படுத்திருந்தவர்களுக்குப் பதினைந்து,
காய்லானுக்கு இருபது,
ஈசூனில் என் வீட்டுக்குத் தொண்ணூற்றொன்பது.
அதில் முப்பத்தெட்டை எனக்கு முன் இருந்தவர்கள்
தூங்கித் தீர்த்துவிட்டார்கள்.

ஒரே ஒரு பருவம் கல்வெட்டு படித்தேன்.
வேலைக்கு உதவாது என்று எல்லாரும் சொன்ன சொற்கள்:
இறையிலி, வரி நீக்கிய நிலம்.
சந்திராதித்தவரை, நிலவும் கதிரும் உள்ள மட்டும்.
இதற்குக் கேடு செய்தவன்
கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற
பாவத்தில் போவான் என்று முடியும்.
அப்படிக் கல்லில் வெட்டிக் கொடுத்த வயல்களில்
இன்றைக்கு எத்தனை கல்யாண மண்டபம் என்பது
தேர்வில் வரவில்லை.
எங்கள் பிரிவு பதினேழில் பசு இல்லை, பாவமும் இல்லை.
மூன்று மாத முன்னறிவிப்பு.
தட்டச்சு செய்வது நான்.

"எழுதுறத எழுதுங்க," என்றார் அடைக்கலம்.
"பத்தாம் தேதி தண்ணிய வடிச்சிருவோம்."
அவருடைய வேலை அனுமதி
ஒன்பதாம் தேதியோடு முடிவதை அவர் சொல்லவில்லை.
ரசீதுகளுக்கு அடியில், அதே டின்னில்,
புதுப்பிக்கக் கொடுத்த தாள் இருந்தது.

'உள்ளது' என்று குறியிட்டேன்.
குறிப்புக்கு விட்ட இடத்தில் ஒரு வரிதான் கொள்ளும்:
நீருக்கடியில் வேலை நடக்கிறது.
மேலே கேட்பார்கள். கேட்கட்டும்.

கிளம்பும்போது இயோ ஒரு கட்டுக் காய்லான் நீட்டினார்.
வாங்கக் கூடாது.
தராசில் வைத்தேன். அறுநூறு கிராம்.
இரண்டு வெள்ளி நாற்பது காசு எண்ணிக் கொடுத்து
ரசீது கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. கார்பன் தாளை நேராக வைத்து
அழுத்தி எழுதினார்.
என் நகலை மடித்துக்கொண்டேன்.
அவருடையது டின்னுக்குள் போனது,
நானூற்றுப் பன்னிரண்டின் மேல்.