கடைசிப் பேருந்து பத்து நாற்பதுக்கு

டுலூத்தில் நவம்பர் என்றால்
நாலரைக்கே இருட்டிவிடும்.
பள்ளிக்கூடத்து மூன்றாம் அறையில்
நீள மேசையைச் சுற்றி ஆறு பேர்,
நடுவில் ஒரு படிவம்,
அதன் தலையில் "பள்ளிக்குப் பிறகு".

வேலை என்ற கட்டத்தில்
நூலகம், புத்தகம் அடுக்குதல் என்று
போன வருஷமே யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.
வசிப்பிடம்: பெற்றோருடன்.
போக்குவரத்து: முன்பதிவு வேன், மாலை ஐந்து வரை.
கீழே என் கையெழுத்தும் இருந்தது.

தோவா சல்மினென், பதினேழு வயது.
கழுத்து அவள் சொல்பேச்சு கேட்காது.
வலது கை கேட்கும், அதுவும் மனசு வைத்தால்.
மடியிலிருந்த பலகையில்
ஒரு படத்தைத் தேடித் தேடி அழுத்தினாள்.
"இரவு" என்றது இயந்திரக் குரல்.

தூக்கம் வருகிறதா என்றார் உளவியலாளர்.
சீக்கிரம் முடித்துவிடலாம் செல்லம் என்றாள்
அம்மா கிர்ஸ்டி.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவள் மறுபடி அழுத்தினாள்:
"இரவு. வெளியே. நான்."

அப்புறம்தான் உறைத்தது.
ஐந்து மணிக்கு மேல் இந்த ஊரை
அவள் தனியாகப் பார்த்ததே இல்லை.
இரவுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன். பேனா மக்கர் செய்தது.

டிசம்பரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.
ஜனவரியில் இரண்டு இருக்கை தள்ளி.
சாய்தளம் ஒருநாள் பனியில் இறுகி இறங்க மறுத்தது;
ஓட்டுநர் திட்டினார், யாரை என்று தெரியவில்லை.
அவள் பலகை "காத்திருக்கிறேன்" என்று
மூன்று முறை சொன்னது.
மூன்றாவதில் கொஞ்சம் கோபம் இருந்தது,
இயந்திரத்துக்கு அது எப்படி வந்ததோ.
பிப்ரவரி முழுக்க என் காரில், பேருந்தின் பின்னால்,
திருடனைத் தொடர்வதுபோல.

மார்ச்சில் பதினெட்டு.
இனி அவள் கையெழுத்துத்தான் செல்லும்.
அரைப் பக்கத்தை அடைத்த ஒரு கோணல் கோடு.
கிர்ஸ்டி அதையே பார்த்திருந்துவிட்டு
தன் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஏரியில் உறைபனி உடைந்து
முதல் கப்பல்கள் வரும் வாரம்.
நான் வீட்டில். கார் சாவியை
மேசைக்கும் சட்டைப்பைக்கும் மாற்றி மாற்றி.
கிர்ஸ்டி இரண்டு முறை அழைத்தாள்.
இரண்டு முறையும் வானிலை பேசினோம்.

ஒன்பது ஐம்பதுக்கு ஒரு செய்தி:
"பாலம் மேலே போச்சு. கப்பல் பெரிசு.
வராதே."

கடைசிப் பேருந்து பத்து நாற்பதுக்கு.
அது அவளுக்கும் தெரியும்.