மஞ்சள் வில்லை

கனம் தூக்கக் கூடாதவன் என்பதால்
இறைச்சி ஆலையில் எனக்குக் கொடுத்த வேலை
எண் வாசிப்பது.
வரும் மாட்டின் காதில் மஞ்சள் வில்லை.
நான் உரக்கச் சொல்வேன், மிர்த்தா தட்டுவாள்.
எந்தப் பண்ணை, எந்த மாதம் பிறந்தது
எல்லாம் திரையில் வரும்.
பிறகு கதவு திறக்கும்.
அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

பிறந்தபோது நீலமாக இருந்தேனாம்.
நாலு வயதில் ஒருமுறை, பத்தொன்பதில் ஒருமுறை
நெஞ்செலும்பை ரம்பத்தால் அறுத்து
கம்பியால் கட்டினார்கள்,
வேலி அடைப்பதுபோல.

இப்போது நாற்பத்தியொன்று.
ஏழாம் படியில் நின்று
சன்னலுக்கு வெளியே எதையோ ரசிப்பதாக நடிப்பேன்.
நெலிதா அதைக் கண்டுபிடிக்க
ஒரு குளிர்காலம் ஆயிற்று.

தக்குவாரெம்போவிலிருந்து மொந்தேவிதேயோவுக்கு
ஐந்து மணி நேரப் பேருந்து.
நுரையீரல் வாசலில் கதவு சாத்தவில்லை,
போன ரத்தம் திரும்பி வருகிறது என்றார் டாக்டர்.
"மறுபடியும் ரம்பமா?"
"இல்லை. தொடை இடுக்குச் சிரை வழியாகப் போகலாம்."
மேசைமேல் மாதிரி ஒன்றை வைத்தார்:
கட்டைவிரல் பருமனில் கம்பிவலை,
உள்ளே மூன்று இதழ், வெங்காயச் சருகு போல.
"மாட்டின் கழுத்துச் சிரை."
சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.
"எந்த மாடு?" என்றேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

நான் தூங்கினேன். மிச்சமெல்லாம் நெலிதா சொன்னது.
முதலில் வெறும் பலூனை ஊதி
இதயம் தனக்கென்று வைத்திருக்கும் குழாய் நசுங்குகிறதா
என்று பார்த்தார்களாம்.
நசுங்கினால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.
அவள் நடைவழியில் உட்கார்ந்து
ஆறிப்போன மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே இருந்தாளாம்,
குடுவையில் தண்ணீர் தீர்ந்தது தெரியாமல்.

விழித்ததும் நெஞ்சைத் தடவினேன்.
பழைய வேலிதான்.
கவட்டில் ஒரு கட்டு, அதன்மேல் மணல்பை,
காலை மடக்காதே என்ற நர்ஸ்.
அவ்வளவுதானா?
வலிக்காமல் கிடைத்ததை
எந்தக் கையால் வாங்குவது என்று தெரியவில்லை.

பத்து வருடம் தாங்கும், கூடவும் தாங்கலாம்;
பிறகு இதற்குள்ளேயே இன்னொன்று என்றார்கள்.
பர்ஸில் வைத்துக்கொள்ள அட்டை தந்தார்கள்:
பெயர், தேதி, வரிசை எண்.

வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை
மாடிப்படி முழுவதும் ஏறினேன்.
சன்னலில் பார்க்க எதுவும் இல்லை,
ஒரு தகரக் கூரை, ஒரு நாய்.
மிர்த்தாவிடம் அட்டையை வாசித்துக் காட்டினேன்.
பழக்கதோஷம், தட்டிவிட்டாள்.
பதிவில் இல்லை என்றது திரை.

ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.
கதவுக்கு இந்தப் பக்கம்
ஏதோ ஒன்று செருமியது.

"அடுத்தது" என்றாள்.