ஏழாம் கட்டம்

செக்காலைச் சாலையில் டயர் கடைக்கு மேல் மாடி.
இரண்டாம் சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி.
சங்கம் என்றால் இவ்வளவுதான்:
பதினெட்டு நாற்காலி, ஆடுகிற ஒரு மேஜை,
ஆணியில் தொங்கும் கொடிநாள் உண்டியல்,
கணக்குப் புத்தகத்தோடு நான்.

பேர் சொன்னால் எங்களுக்கு யாரையும் தெரியாது.
வழுக்கை, தொங்கல் தாடை, புதுப் பல்.
நம்பர் சொன்னால் போதும்.
"நானூற்றுப் பன்னிரண்டு" என்று படியிலேயே குரல் வந்தால்
தேவகோட்டைச் சவரிமுத்து,
திருமலகிரி மெஸ்ஸில் பதினோரு சப்பாத்தி தின்றவன்.
நானூற்று முப்பது, பள்ளத்தூர் நஜ்முதீன்.
அவனுக்கு மீசை முளைத்ததை
அணிவகுப்பில் வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

பதினாறு வயதில் பையன் பட்டாளம்.
துப்பாக்கிக்கு முன்னால் கையில் தந்தது அரம்.
இரண்டு அங்குல இரும்புக் கட்டை, ஆறு முகம்.
மூலைமட்டம் வைத்து
ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார் உஸ்தாத்.
மயிரிழை வெளிச்சம் கசிந்தாலும்
"ஃபிர் ஸே."
திரும்பவும்.
செகந்திராபாத்தில் நான் முதலில் கற்ற இந்தி அது.
கடைசி வரை அதிகம் கேட்டதும்.

போன மாதம்
நம்பர் சொல்லாமல் ஒருவன் ஏறி வந்தான்.
கறுப்புக் கண்ணாடி, நகக்கண்ணில் கிரீஸ்.
புதுவயல் அரிசி மில்களுக்கு ஷாஃப்ட் கடைகிறவன்.
கண்டனூர் பெத்தபெருமாள்.
நானூற்றுப் பதினேழு.
என் கட்டிலுக்கு அடுத்த கட்டில்.

படிவத்தை நின்றபடியே நிரப்பினான்.
பெயர். ஊர். சேர்ந்த தேதி. ரத்த வகை.
ஏழாம் கட்டத்தில் பேனா நின்றது:
ஓய்வூதிய ஆணை எண்.

பதினான்கே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள் அவனை.
இடது கண். சாணைக்கல்லில் பறந்த பொறி.
மறுநாள் தேர்வு.
விளக்கணைத்த பிறகு ஒர்க்ஷாப்பில்
யாருடைய கட்டையை வைத்திருந்தாய் என்று
விசாரணையில் கேட்டார்கள்.
"என்னுது" என்றான்.
அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.
என் கட்டைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

விதிப் புத்தகத்தைத் திறந்தால்
சவரிமுத்து 'அவன்' இல்லை, 'அவர்'.
சுபேதார் மேஜர் குரலுக்குச் சுவரும் விறைத்து நிற்கும்.
"விதி நான்கு. பென்ஷன் இல்லாதவர் உறுப்பினராக இயலாது.
வருத்தம்தான் பெத்து. டீ குடிச்சிட்டுப் போ."

பெத்தபெருமாள் டீ குடித்தான்.
மேஜையின் காலைக் குனிந்து பார்த்தான்.
தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகினான்.
ஆட்டம் நின்றது.
நஜ்முதீன் இருமினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஐம்பத்து மூன்று வருடப் பழக்கம், சட்டென்று விடாது.

ஆனால் ரசீதுப் புத்தகம் என்னிடம் இருந்தது.
உறுப்பினருக்கு விதி எழுதிய எங்களுக்கு
ரசீதுக்கு எழுதத் தோன்றவில்லை.
கார்பன் தாளை வைத்து அழுத்தி எழுதினேன்.
எண் எண்பத்தெட்டு. ஆண்டுச் சந்தா, ரூபாய் ஐந்நூறு.
என் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டேன்.
அவன் படிவத்தை இழுத்து
ஏழாம் கட்டத்தில் 417 என்று நிரப்பினேன்.

"வரவு வெச்சாச்சு. தணிக்கை முடியாம திருப்ப முடியாது."
சவரிமுத்து என்னைப் பார்த்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"தணிக்கை எப்போ?"
"மார்ச்."
"எந்த மார்ச்?"
நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
"சரி, இன்னொரு டீ சொல்லு அவனுக்கு" என்றான் சவரிமுத்து.

பெத்தபெருமாள் ரசீதை வாங்கினான். படிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றினான்.
ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து
வலக்கண்ணால் அதன் ஓரத்தைப் பார்த்தான்.
ஒரு பக்கம் திருப்பி,
மறு பக்கம் திருப்பி.

"கோணலாக் கிழிச்சிருக்கே" என்றான்.
"அப்பவும் உனக்கு நேர் விளிம்பு வராது."