வரிக்கு ஆறு டாலர்

எங்கள் வாரப் பத்திரிகையில்
இரங்கல் குறிப்புக்கு வரிக்கு ஆறு டாலர்.
படத்துக்குத் தனி.
அக்காள் மகன் ஆர்வோ பதினெட்டு வரிக்குக் கட்டினார்.

லெம்பி ஹார்யு, வயது தொண்ணூற்று நான்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, சமூகத் தொண்டர்,
செவ்வாய் இரவு தூக்கத்தில் காலமானார்.
மூன்று வரி போயிற்று.

அவர் தந்த தாளில் இருந்ததெல்லாம் கொள்ளவில்லை.
செம்புச் சுரங்கம் தகப்பன் காலை வாங்கிக்கொண்ட வருடம்
பத்தொன்பது வயதில் அவள் சாக்கட்டி எடுத்தது,
ஏரிக்காற்று நுழையும் ஒற்றை அறைப் பள்ளியில்
விறகடுப்பை மூட்டுவதும் ஆசிரியை வேலையாக இருந்தது,
ஃபின்னிஷ் மட்டுமே தெரிந்து வந்த பிள்ளைகளிடம்
இங்கிலீஷில் பேசு என்று மேலிடத்துக்காகச் சொல்லிவிட்டு
ஈரக் கையுறைகளை அடுப்போரம் காயவைக்கும்போது
வீட்டு மொழியிலேயே திட்டியது.

நாற்பத்துமூன்று வருடம்.
அதில் முப்பத்தெட்டு, மூன்றாம் வகுப்பு.
"மூன்றைத் தாண்டாத மக்கு நான்" என்பாள்
யாராவது பாராட்டுப் பட்டயம் கொடுக்க வந்தால்.
இதையும் வெட்டினேன்.

ஓய்வுபெற்ற மறுவாரம்
வீட்டைவிட்டு வெளியேற முடியாதவர்களுக்குச்
சூடான சாப்பாடு கொண்டுபோகும் வண்டியில் ஏறியவள்
தொண்ணூற்றோரு வயதிலும் சொன்னாள்:
"சீக்கிரம் போ, பாவம் கிழடுகள் காத்திருக்கும்."
கிழடுகளில் பாதிப்பேருக்கு எழுபத்தைந்து.
இரண்டு பேர் அவளிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள்.
உப்பில்லை என்று முனகினால்
"தட்டைக் காலி செய், பிறகு பேசு."

எங்கள் அலுவலகத்தை விட்டாளா?
இருபத்திரண்டு வருடம், வெள்ளிக்கிழமைதோறும்,
எங்கள் இதழே சிவப்பு மையோடு திரும்பி வரும்.
ஒருமுறை ஓரத்தில் எழுதியிருந்தாள்:
"இறந்தவர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டீர்கள்.
அவர் வந்து கேட்க முடியாது. நான் கேட்கிறேன்."

தாளில் இல்லாத ஒன்று உண்டு.
ரத்ததான முகாமில் எனக்கு அடுத்த கட்டில்
டுவேன் பெல்கொனென், பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர்.
படிவத்தில் கையெழுத்திட இடது கையில் பேனா எடுத்தவர்
பழச்சாறுத் தட்டோடு வரும் அவளைப் பார்த்ததும்
சட்டென்று வலது கைக்கு மாற்றினார்.
அவருக்கு அறுபது வயது. அவளுக்கு எண்பத்துமூன்று.

எட்டு வயதில் அந்த இடது கையை
மப்ளரால் நாற்காலியோடு கட்டியது அவள்.
அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான் என்று
அவளுக்காக யாரும் சொல்லலாம்.
அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

"டுவேன், பேனாவை மாற்று."
"மாற்றிவிட்டேனே, மிஸ் ஹார்யு."
தட்டைக் கீழே வைத்தாள்.
வலது கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி
இடது கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.
மன்னிப்பு என்ற சொல் வரவில்லை.
இரண்டு கோப்பை ஆரஞ்சுச் சாறு வந்தது.

இன்னொன்றும் தெரு முழுக்கத் தெரியும்:
சாலைப் பனியை அள்ளிப் போகும்போது
அவள் வாசலை மறித்து மட்டும்
ஒரு மேடு குவித்துவிட்டுப் போவார் டுவேன்.
அவள் புகார் எழுதியதில்லை, மண்வாரி எடுத்தாள்.
முகாமுக்கு அடுத்த குளிர்காலத்திலும் மேடு இருந்தது.
கொஞ்சம் சின்னதாக.

புதன் மாலை, பக்கம் முடிக்கும் நேரம்,
பூட்ஸ் பனி சொட்டச் சொட்ட வந்து நின்றார்.
வரி எவ்வளவு என்றார்.
பன்னிரண்டு டாலரை எண்ணி வைத்தார்.
மேசைமேல் குனிந்து, இடது கையால்,
மூன்றாம் வகுப்புப் பையன்போல் நாக்கைக் கடித்துக்கொண்டு
எழுதினார்:

இன்று அவர் வழியில் ஏழு வீடுகள்.
ஏழுக்கும் சாப்பாடு போய்ச் சேர்ந்தது. உப்பு குறைவு.

அச்சுக் கோக்கையில் இரண்டாம் வரி
ஒரு சொல் நீண்டு மூன்றாவதில் விழுந்தது.
அதற்கு நான் காசு கேட்கவில்லை.