இரண்டு நாற்பது

பத்துச் சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு கோடு.
இடது முனையில் ‘ஆழ்ந்த நித்திரை’,
வலது முனையில் ‘கண்ணே மூடவில்லை’.
நடுவில் எங்கேயாவது ஒரு புள்ளடி போடச் சொல்லிப்
பேனையை நீட்டுகிறாள் வியோசா.
லுசேர்ன் ஆஸ்பத்திரி, ஐந்தாம் மாடி.
இரத்தக்குழாயில் சின்னக் கம்பிவலை வைத்து
இன்றைக்கு நாலாம் நாள்.

தேர்தலில்கூட இவ்வளவு யோசித்து
நான் புள்ளடி போட்டதில்லை.

காதடைக்க மெழுகு தந்தார்கள்,
கண்ணை மறைக்கக் கறுப்புத் துணி.
பக்கத்துக் கட்டில் ஃபிராவ் ஒடர்மாட்
இரண்டையும் மாட்டிக்கொண்டு
தை மாதத்து ஏரி மாதிரிக் கிடக்கிறா.
எனக்கும் பதினொரு மணிக்கு எல்லாம் ஒழுங்குதான்:
நாடி அறுபத்தெட்டு,
அழுத்தம் நூற்றுப் பதினாறு, கீழே எழுபத்திரண்டு,
ஒக்சிசன் தொண்ணூற்றேழு.
நெஞ்சு ஓடாமலிருக்க ஒரு குளிசை.
அதுவும் இரண்டரை மட்டும்தான் சொல் கேட்கும்.

இரண்டு நாற்பதுக்கு
பச்சைக்கோடு எழும்பி நிற்கிறதாம்.
தொண்ணூற்றாறு. நூற்றிரண்டு.
மூன்று இரவும் அதே நிமிடம்.

கெட்ட கனவா என்கிறாள்.
அதற்கு மேல் கேட்கவில்லை.
அவளும் கொசோவாக்காரி,
எங்கே நிறுத்துவதென்று தெரிந்தவள்.

இல்லையடி பிள்ளை. பேப்பர்.

பத்தொன்பது வருடம், எம்மன்புறூக்கவில்
இருநூற்றுப் பன்னிரண்டு தபால்பெட்டி.
இரண்டு நாற்பதுக்கு எழும்பினால்தான்
மூன்றரைக்குக் கட்டு அவிழ்க்கலாம்.
அலாரம் வைப்பதை விட்டுக் கனகாலம்,
உள்ளுக்குள்ளேயே ஒன்று அடிக்கும்.
அது அடைத்துக்கொண்டதும் ஒரு படிக்கட்டில்தான்,
மூன்றாம் தட்டில்,
கையில் ஞாயிற்றுக்கிழமைப் பாரம்.

இப்போது என் பாதையில் அவர் போகிறார்.
வண்டியின் இடச்சில்லு இழுக்கும், சொல்ல மறந்துபோனேன்.
பதினேழாம் இலக்கத்தில் நாய்.
இருபத்தொன்றில் விளக்கு எரியாது,
சுவரைத் தடவித்தான் இறங்கவேண்டும்.
கறுப்புத் துணிக்குள்ளே
வீடு வீடாய் அவருக்கு முன்னால் நடக்கிறேன்.
இயந்திரம் இரண்டு பேரையும் சேர்த்து
ஒரு ஆளென்று எண்ணுகிறது.

ஆறு பத்துக்கு ஃபோன் ஒருதரம் அதிரும்.
‘முடிஞ்சுது.’
அவ்வளவுதான் எழுதுவார்.

எண்பத்தெட்டு. எழுபத்தைந்து.
அறுபத்தொன்றுக்கு இறங்கியபோது ஏழு மணி.
பெரிய டொக்டர் பரிவாரத்தோடு வந்தாராம்.
கோட்டில் புள்ளடியைக் காணவில்லையே,
எழுப்பிக் கேள் என்றாராம்.
வியோசா உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு
அவர்களை வெளியே விட்டுக்
கதவைச் சாத்தினாளாம்.

எல்லாம் அவள் பின்னேரம் சொன்னதுதான்.
நான் ஒன்றும் காணவில்லை.