அறுபத்தாறு

கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்,
குல்ஷன் மேன்ஷன்.
நெற்றியில் சிமெண்ட் மாலைக்கு நடுவே 1919.
கடைசி ஒன்பதின் வாலை
ஓர் அரசங்கன்று தின்றுகொண்டிருக்கிறது.

இடிப்பதற்கு முன் வரைந்து வைக்கச் சொன்னார்கள்.
நான், இம்தியாஸ், ஒரு டேப், ஒரு சுத்தியல்.

முன்படி பர்மா தேக்கு.
ஒவ்வொன்றும் ஆறே அங்குல உயரம்,
முழங்காலுக்குத் தெரியாமல் ஆளை மேலே கொண்டுபோகும்.
கைப்பிடி தொடங்கும் இடத்தில் மரத்தில் ஓர் அன்னாசி,
நூறு வருடப் பிள்ளைகள் தடவித் தடவி
முட்டையாகிவிட்டது.
பத்து மணிக்கு வண்ணக்கண்ணாடி
இரண்டாம் மாடி நடையில் ஒரு பச்சைக் குட்டையைத் தேக்குகிறது.
இம்தியாஸ் அதைத் தாண்டித்தான் போனான்.

உத்தரத்தைத் தட்டினேன்.
டக் என்றால் உயிர் இருக்கிறது.
டொப் என்றால் உள்ளே இரும்பு உப்பிவிட்டது.
செயலாளர் பாட்லிவாலா ஒவ்வொரு டொப்புக்கும்
தன் கடைவாய்ப் பல்லைத் தட்டியதுபோலச் சுளித்தார்.

பின்பக்கம் திரும்பியபோது,
"அது எதுக்கு? வெறும் இரும்பு ஏணி."

சுருள் படி.
பழைய வரைபடத்தில் ஹால் உண்டு, பூஜையறை உண்டு,
ஊறுகாய் ஜாடிக்கும் ஓர் அறை உண்டு.
இது ஒரு வட்டம், உள்ளே ஓர் அம்பு. பெயரில்லை.
ஒவ்வொரு மாடியிலும் நேரே கழிப்பறைக்கு ஒரு கதவு,
தாழ்ப்பாள் வீட்டுப் பக்கம்.
படி உயரம் ஒன்பதரை.
அகலம் ஓர் ஆளுக்குப் போதும்,
வாளியும் இருந்தால் ஆள் ஒடுங்கிக்கொள்ள வேண்டும்.
முன்னால் நூற்றுநான்கு படிகளில் ஏறும் உயரத்தை
இங்கே அறுபத்தாறில் முடித்திருக்கிறார்கள்.

நடுத்தூண் முழுக்கத் துரு.
என் முழங்கை மட்டத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குக்
கறுப்பாக மின்னியது.
விரலை வைத்தேன். வழவழவென்று,
கோயில் நந்தியின் திமில் மாதிரி.

மேலிருந்து சத்தம்.
இரண்டு கைக்கும் குப்பைப் பைகளோடு
இறங்கி வந்தார் தனுபென்.
வலது கை மூன்று விரலில் பை தொங்க,
மீதி இரண்டு விரல் தூணைச் சுற்றிக்கொண்டே வந்தது,
பார்க்காமல்.
"லிஃப்ட் இருக்கே" என்றான் இம்தியாஸ்.
"அதுல போர்டும் இருக்கு."

என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார்.
படி, என்றேன். மொத்தம் அறுபத்தாறு.
"அறுபத்தஞ்சு.
மூணாவது மாடிக்கு மேல ஏழாவது ஆடும்.
நான் வந்த நாளிலிருந்து அதை மிதிச்சதில்லை."

ஏறிப்போய்ச் சுத்தியலால் தட்டினேன்.
டக் என்றது, கணீரென்று, பொய்யாக.
பிறகு காலை வைத்தேன்.

அன்றிரவு இரண்டு படிக்கட்டையும்
ஒரே பேனாவில், ஒரே தடிப்பில் வரைந்தேன்.
ஏழாவதற்குப் பக்கத்தில் சிறியதாக எழுதினேன்:
ஆடும். தகவல், தனுபென்.

பாட்லிவாலா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
"அன்னாசி நல்லா வந்திருக்கு" என்றார்.