எட்டு மீட்டருக்குக் கீழே

படகோனியாவில் காற்றை அளப்பது என் வேலை.
நொடிக்கு எட்டு மீட்டருக்குக் கீழே இறங்கினால்
இறகைத் தூக்கலாம்.
பதினோரு நாளாக நோட்டில்
பதினான்கு, பதினேழு, இருபத்திரண்டு.
ஒருமுறை முப்பத்தொன்று என்று எழுதி முடிப்பதற்குள்
தாளையே பறித்துக்கொண்டு போனது.

காற்றுக்காகவே பொறுக்கி எடுத்த மண்.
அதே மண்ணில்
காற்று ஓயும் இரண்டு மணி நேரத்துக்காக
கிரேனுக்கு நாள்வாடகை அழுதபடி கிடக்கிறோம்.
நெலிதா ஓட்டுநர் அறையில் மாத்தே உறிஞ்சுகிறாள்.
லின்கோயான் போல்ட்டுகளை மூன்றாம் முறை எண்ணுகிறான்.
எவால்டோ ப்ரைஸ் மட்டும் வானத்தை ஏசுகிறான்,
பாதி ஸ்பானிஷில், சூடு ஏறினால் வெல்ஷில்.

கண்ணில் படாத வேலை எப்போதோ முடிந்துவிட்டது:
குழி, கம்பிக்கூடு, ஓர் இரவு முழுக்கக் கொட்டிய கான்கிரீட்.
மேலே மறுபடி மண்ணைத் தள்ளி மூடினோம்.
இதற்கு எடைதான் வேர்.
இறகுகள் துறைமுகத்திலிருந்து வந்தவை,
கண்ணாடி இழையும் பால்சா மரமும் பிசினில் இறுகிய
ஐம்பத்தெட்டு மீட்டர்.
வளைவு திரும்ப முடியாமல்
ஓர் ஊரின் ரவுண்டானாவை நடுவே பிளந்து வந்தன.

பன்னிரண்டாம் நாள், விடியற்காலை மூன்று நாற்பது:
ஏழு புள்ளி ஆறு.
நான் கத்தவில்லை. கேட்டால் திரும்பி வந்துவிடுமே.
விரலை மட்டும் உயர்த்தினேன்.

இறகு எழுந்தது. இரு முனையிலும் கயிறு, கயிற்றில் ஆட்கள்.
தொண்ணூறு மீட்டர் உயரத்தில்
அறுபத்துநான்கு திருகுகள்
அறுபத்துநான்கு துளைகளைத் தேடின.
"இரண்டு சென்டிமீட்டர்... ஒன்று... நில்."
லின்கோயானின் குரலுக்குப் பின்னால்
ரேடியோவில் நெலிதா மூச்சை விட்டது கேட்டது.

மூன்று வாரம் கழித்து யாரோ பிரேக்கைத் தளர்த்தினார்கள்.
இறகுகள் மெல்லத் தம் அச்சில் திரும்பி
காற்றுக்குத் தோள் கொடுத்தன.
புடைத்த பக்கத்தில் காற்றின் அழுத்தம் குறைய
அந்தக் குறைவுக்குள் சரிகிறது இறகு,
சரிந்து தீராமல் சுற்றுகிறது.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு.
பல்சக்கரங்கள் கைமாற்றிக் கைமாற்றி
ஆயிரத்து ஐந்நூறாக்குகின்றன.
கடைசியில் காந்தம்
செம்புச் சுருளை உரசாமல் கடந்து ஓடுகிறது.
இடையே சில மில்லிமீட்டர் வெறும் காற்று.
அந்த இடைவெளியில்தான் எல்லாமே நடக்கிறது.

அப்போது நாங்கள் ஒன்பதாம் குழியருகே இருந்தோம்,
டீசல் ஜெனரேட்டர் இரைச்சலில்.
தொலைவில் அது சுற்றுவதை நெலிதா கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"எவ்வளவு?" என்றாள்.
பதினெட்டு என்றேன்.
கெட்டிலை அடுப்பில் வைக்கப் போனாள்.